ஆபரேஷன் எத்தனைன்னு எண்ணிட்டோம். பார்வை எத்தனை?

நீளமான இழை. வீட்டில் 50 வயதைத் தாண்டிய அம்மா, அப்பா, மாமியார், மாமனார் யாராவது இருந்தால் கடைசி வரை படிச்சிடுங்க.

7.2%. இந்த எண்ணை முதலில் மனசுல வச்சுக்கோங்க.

2015 முதல் 2019 வரை மத்திய அரசு நாடு தழுவிய பார்வையிழப்புக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. டெல்லி எய்ம்ஸின் கண் மருத்துவ மையம் முன்னின்று செய்த வேலை அது. 50 வயதைத் தாண்டியவர்களின் கண்களைப் பரிசோதித்து, பார்வை இழந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன காரணம் என்று குறித்தார்கள். முதல் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கண்புரை, 66.2%. இரண்டாவது, கருவிழியில் விழும் வெண்தழும்பு. மூன்றாவதாக வருவதுதான் இந்த 7.2%. சர்க்கரை நோயா? இல்லை. கண் நீரழுத்தமா? அதுவும் இல்லை. அதெல்லாம் பட்டியலில் அப்புறம்தான் வருது.

மூன்றாவது காரணம், கண்புரை அறுவை சிகிச்சையின் பின்விளைவு.

அதாவது 50 வயதுக்கு மேல் பார்வை இழந்த 100 பேரில் 7 பேருக்கு, பார்வை வரணும்னு செய்துகொண்ட ஆபரேஷனே காரணமாக நிற்குது.

உடனே அப்பாவின் ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போட்டுடாதீங்க. அதே கணக்கெடுப்பு, புரையை எடுக்காமல் விட்டவர்கள் 66 பேர் என்றும் சொல்லுது. மருத்துவத்தில் இவ்வளவு குறைந்த நேரத்தில், இவ்வளவு குறைந்த செலவில், இவ்வளவு பெரிய பலன் தரும் அறுவை சிகிச்சை வேறு இருக்கான்னு யோசிச்சுப் பார்த்தா எனக்கு ஒண்ணும் தோணலை. நான் கண் மருத்துவர் இல்லை, பொது மருத்துவர். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வரும் பெரியவர்களை "முதல்ல கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்று வாராவாரம் அனுப்புகிற ஆள். இனியும் அனுப்புவேன்.

என் கேள்வி வேறு. அந்த 7 பேர் யார்?

எந்த ஊரில், எந்த வருஷம், யார் கையில் ஆபரேஷன் ஆனது? சிலருக்கு 30 வருஷத்துக்கு முன்னாடி, லென்ஸ் வைக்காமல் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பிய காலத்தில் ஆகியிருக்கலாம். சிலருக்குப் போன வருஷம் ஆகியிருக்கலாம். கண்ணுக்குள் சீழ் பிடித்ததா, லென்ஸ் பை கிழிந்ததா, கருவிழி வீங்கிப் போனதா? கணக்கெடுப்பு அந்தப் பாட்டியைத் தற்செயலாக வீட்டுத் திண்ணையில்தான் பார்த்தது. ஆபரேஷன் தியேட்டரில் பார்க்கவில்லை. அதைச் சொல்ல ஒரு பதிவேடு வேணும். ஒவ்வொரு கண்ணும் மேஜையில் ஏறிய நாளிலிருந்து அது பார்க்குதா இல்லையா என்று தெரியும் நாள் வரை ஒரே வரியில் இருக்கணும், மருத்துவமனை வாரியாக அலசணும், மக்களுக்கும் வெளியிடணும். அப்படி ஒரு பதிவேட்டை வச்சு நம்ம நாட்டுத் திட்டம் நடக்கலை.

நடப்பது என்ன? எண்ணிக்கை. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-ல் தொடங்கியது. உலகத்திலேயே ரொம்ப முன்னாடி இப்படித் தொடங்கிய நாடுகளில் நாமும் ஒருவர், பெருமைதான். இன்றைக்கு வருஷத்துக்கு 60 லட்சத்துக்கும் மேல் கண்புரை அறுவை சிகிச்சை செய்கிறோம். மாநிலத்துக்கு இலக்கு, மாவட்டத்துக்கு இலக்கு. ஊர்ச் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்திருப்பீங்க: மாவட்ட பார்வை இழப்பு தடுப்பு சங்கமும் அரிமா சங்கமும் சேர்ந்து நடத்தும் இலவச கண் சிகிச்சை முகாம், கல்யாண மண்டபத்தில், காலை 8 மணிக்கு. வேன் வரும், 40 பேரை ஏத்திக்கிட்டுப் போகும், ரெண்டு நாள் கழிச்சுக் கறுப்புக் கண்ணாடியோட இறக்கிவிடும். அந்த 40, கணக்கில் 40 ஆக ஏறிடும். மானியமும் ஆபரேஷன் ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் போகுது.

ஒரு மாசம் கழித்து அந்த 40 பேரில் எத்தனை பேருக்குச் சொந்தப் பேரன் முகம் தெரியுது என்பதை யாரும் இலக்காக வைக்கலை, அதுக்காகக் காசும் கொடுக்கலை. காசும் பாராட்டும் எதுக்குக் கிடைக்குமோ அது பெருகும். மனுஷ இயல்பு, டாக்டர்களும் மனுஷங்கதான்.

"ஏன் சார், தப்பு நடந்தா செய்தியில வருதே" என்று கேட்பீங்க. வருது, கூட்டமாக நடந்தால் மட்டும்.

2008-ல் விழுப்புரம் மாவட்டக் கிராமத்து மக்கள் முகாம் மூலம் பெரம்பலூருக்கு அழைத்துப் போகப்பட்டு, 60க்கும் மேற்பட்டவர்கள் பார்வை இழந்தது ஞாபகம் இருக்கலாம். 2014-ல் பஞ்சாபின் குர்தாஸ்பூர். 2021-ல் பீகாரின் முஜாபர்பூர், அங்கே பலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் அதே வரிசை. தலைப்புச் செய்தி, விசாரணை, இழப்பீடு, அப்புறம் ஒரு வாரத்தில் வேறு செய்தி.

ஒண்ணொண்ணா, சிதறி நடப்பது எங்கேயும் வராது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

கண்புரை ஆபரேஷனில் எல்லாரும் பயப்படும் சிக்கல், கண்ணுக்குள் கிருமி போய்ச் சீழ் பிடிப்பது. ரொம்ப நல்லா நடக்கும் இடங்களில் இது 10,000-க்கு 3 என்ற அளவில் இருக்கும். வருஷத்துக்கு 500 ஆபரேஷன் செய்யும் ஒரு டாக்டர் இப்படி ஒரு கேஸைப் பார்க்க ஆறேழு வருஷம் ஆகும். சரி, இன்னொரு ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கொதிகலனில் சுத்தம் செய்வதில் ஏதோ கோளாறு, அங்கே இது பத்து மடங்கு அதிகம் என்று வையுங்க. அங்கேயும் 500 ஆபரேஷன் செய்யும் டாக்டருக்கு வருவது வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு. "எங்கேயும் நடக்கிறதுதானே, சர்க்கரை அதிகமா இருந்துச்சு, தலைக்குத் தண்ணி ஊத்திட்டாங்க போல" என்று மனசு சமாதானம் ஆகிடும். அவர் பொய் சொல்லலை. ஒரு மனுஷன் தன் அனுபவத்தை மட்டும் வச்சு, பத்து மடங்கு வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. நூறு பேரின் அனுபவத்தை ஒரே இடத்தில் கொட்டினால்தான் அது தெரியும்.

இன்னொரு விதமும் இருக்கு. ஆபரேஷனின்போது கண்ணுக்குள் ஓடும் திரவம், ஜெல், சாயம் எல்லாம் கம்பெனியிலிருந்து பேட்ச் பேட்சாக வருது. ஒரு பேட்ச் கெட்டுப்போய், நாலு மாவட்டத்தில் நாலு ஆஸ்பத்திரிக்குப் போய், ஆளுக்கு ஒரு கண் போனால்? நாலு பேரும் தனித்தனியாகத் தலையில் அடிச்சுக்குவாங்க. யாருக்கும் மற்ற மூணு பேரைத் தெரியாது. அதே பேட்ச் ஐந்தாவது ஊருக்குப் போகும்.

இப்போ ஸ்வீடனுக்குப் போவோம். ஜனத்தொகை ஒரு கோடி. தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்குகூட வராது.

அங்கே 1992-ல் கண்புரைக்கான தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார்கள். கட்டாயச் சட்டம் எதுவும் இல்லை, கண் டாக்டர்களே ஆரம்பித்தது. இன்றைக்கு நாட்டில் நடக்கும் ஆபரேஷன்களில் கிட்டத்தட்ட எல்லாமே அதில் ஏறுது. 1998-லிருந்து கண்ணில் சீழ் பிடித்த ஒவ்வொரு கேஸையும் அதில் சேர்த்தார்கள். அந்த வருஷக் கணக்கு 1,000-க்கு 1. ஐரோப்பாவில் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் மோசமில்லை, ஆனால் அவர்களுக்கு அது போதவில்லை. ஸ்டாக்ஹோமில் சில டாக்டர்கள் ஆபரேஷன் முடியும்போது செஃபுராக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக்கை ஒரு சொட்டு அளவு நேராகக் கண்ணுக்குள்ளேயே செலுத்தும் வழக்கம் வச்சிருந்தாங்க. பதிவேடு பெருகப் பெருக, அப்படிச் செய்த கண்களில் சீழ் பிடிப்பது குறைவு என்பது பளிச்சென்று தெரிந்தது. மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். 2005 முதல் 2010 வரை நடந்த 4,64,996 ஆபரேஷன்களில் 135 கண்களுக்குத்தான் சீழ் பிடித்தது. 10,000-க்கு 3.

இதைப் பார்த்து ஐரோப்பிய நாடுகள் சில சேர்ந்து முறையான ஆய்வே நடத்தின. 2007-ல் வந்த முடிவு: கண்ணுக்குள் அந்த மருந்தைப் போட்டால் தொற்று ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறையுது.

"அது பணக்கார நாடு, நமக்கு ஒத்து வராது." இந்த வரி வரும்னு தெரியும். அதுக்குப் பதில் மதுரையிலேயே இருக்கு.

அரவிந்த் கண் மருத்துவமனை 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களின் கணக்கை அலசி 2017-ல் வெளியிட்டது. அவர்கள் போட்டது மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற மருந்து. மருந்து போடாத கண்களில் தொற்று 0.07%. போட்ட கண்களில் 0.02%. 6 லட்சம் கண்ணின் விளைவை ஒழுங்காக எழுதி வைத்ததால்தான் இந்த வித்தியாசத்தைப் பார்க்க முடிந்தது. 600 கண்ணை வச்சுப் பார்த்திருந்தா ரெண்டு பக்கமும் பூஜ்யம்தான் வந்திருக்கும்.

ஒரு மனக்கணக்கு. வருஷத்துக்கு 60 லட்சம் ஆபரேஷன். 0.07% என்றால் 4,200 கண். 0.02% என்றால் 1,200 கண். நடுவில் 3,000 கண். இன்றைக்கு நாடு முழுக்க நாம் இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம், இல்லை, மேலே எங்கேயாவது நிற்கிறோமா? பதிவேடு இருந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

ஒரு மருத்துவமனைக் குழுமம் தனக்காக இதைச் செய்ய முடியும்னா, ஒரு நாடு செய்யலாம். என்ன பிரச்சினைன்னா, தன் கணக்கைத் தானே ஒழுங்காகப் பார்ப்பது ஏற்கெனவே நல்லா நடக்கும் ஆஸ்பத்திரிதான். பார்க்க வேண்டியது மற்றவர்களின் கணக்கு.

மலேசியாவையும் சொல்லணும். நம்ம சொந்தக்காரங்க நிறையப் பேர் இருக்கும் ஊர். அங்கே சுகாதார அமைச்சகமே 2002-ல் கண்புரைப் பதிவேட்டைத் தொடங்கியது, 2007-லிருந்து இணையத்தில் நடக்குது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு வரைகோடு. டாக்டர் ஒவ்வொரு ஆபரேஷன் முடித்ததும் முடிவைப் பதிவார். நல்லபடியாக முடிந்தால் கோடு கொஞ்சம் இறங்கும், சிக்கல் வந்தால் ஏறும். ஒண்ணு ரெண்டு சறுக்கலுக்கு ஒண்ணும் ஆகாது. தொடர்ந்து ஏறி ஒரு எல்லையைத் தாண்டினால், நிறுத்திப் பார்க்கணும் என்று அர்த்தம். பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டருக்கு இது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? சீனியர் திட்டும் வரை காத்திருக்க வேண்டாம், அந்தக் கோடே சொல்லிடும். 50 வருஷ அனுபவம் உள்ளவருக்கும் சொல்லும். கை நடுக்கம் வயசைக் கேட்டுக்கிட்டு வருவதில்லையே.

பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆபரேஷனின்போது லென்ஸை எடுத்ததும் ஒரு மெல்லிய பை மிஞ்சும், புது லென்ஸ் உட்கார வேண்டியது அதில்தான். தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அது கிழிந்தால் ஆபரேஷன் சிக்கலாகும், பின்னாடி விழித்திரை விலகவும் தொற்று வரவும் வாய்ப்பு கூடும். 2009-ல் வெளியான 55,567 ஆபரேஷன்களின் கணக்கில் இந்தக் கிழிசல் 1.92%. அப்புறம் தேசியத் தரவுத்தளம் அமைத்து, மருத்துவமனை வாரியாக எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட ஆரம்பித்தார்கள். இப்போ அது 1%-க்கும் கீழே. பதிவேடு மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், கருவிகளும் முன்னேறின. ஆனா தன் எண்ணை ஊரே பார்க்கும்னு தெரிஞ்சா யாரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாங்க.

இந்த இடத்தில் என் கண் மருத்துவ நண்பர்கள் வரிசையாகச் சண்டைக்கு வருவாங்க. அவங்க வாதத்தில் நியாயம் இருக்கு, தட்டிக் கழிக்கக் கூடாது.

"நகரத்து ஆஸ்பத்திரிக்கு 55 வயசுல லேசான புரையோட காரில் வந்து இறங்குறாங்க. என்கிட்ட வர்ற பாட்டிக்குப் புரை முத்தி வெள்ளையா, கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு பேர் சதவீதத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டா நான் மோசமான டாக்டரா?"

சத்தியமான பேச்சு. வெறும் சதவீதத்தை வெளியிட்டால் தண்டனை டாக்டருக்குப் போகாது, பாட்டிக்குத்தான் போகும். கஷ்டமான கண்ணை யாரும் தொட மாட்டாங்க, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிடுவாங்க. அதனால்தான் பிரிட்டனில் ஒவ்வொரு கண்ணுக்கும் எவ்வளவு ஆபத்து இருந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுறாங்க. வயசு, முத்திய புரையா, பாப்பா விரியுதா, நீரழுத்தம் இருக்கா, சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கா, செய்தவர் பயிற்சி மருத்துவரா. கஷ்டமான கண்ணை நல்லா செய்தவருக்கு அதுக்கேற்ற மதிப்பு கிடைக்கும். நம்ம ஊரில் பதிவேடு வந்தால் முதல் நாளிலிருந்தே இது இருக்கணும். இல்லாட்டி வராமலே இருக்கட்டும்.

(அந்த ஆபத்துப் பட்டியலில் ஒரு மாத்திரையும் உண்டு. புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசின். அது சாப்பிடுபவர்களுக்கு ஆபரேஷன் நடுவில் கண்பாப்பா சுருங்கி, சுற்றியுள்ள சவ்வு தொளதொளவென்று ஆடும். 2005-ல் அமெரிக்காவில் கண்டு சொன்னாங்க. மாத்திரையை நிறுத்தினாலும் இந்தத் தொல்லை முழுசாகப் போகாது. அதனால் அப்பா அந்த மாத்திரை சாப்பிட்டால், நீங்களாக நிறுத்தாம, கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிடுங்க. தெரிஞ்சிருந்தா அவர் அதுக்கேற்ற மாதிரி தயாராவார்.)

அடுத்து, கோர்ட் பயம். 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டது. "நானே என் தப்பை எழுதிக் கொடுத்து, அதை வச்சே என்மேல் கேஸ் போடுவாங்களா?" இதில் என் கருத்து கொஞ்சம் பேருக்குப் பிடிக்காது. மருத்துவமனையின் எண் மக்களுக்குத் தெரியணும், தள்ளிப்போடாமல். தனி டாக்டரின் எண், ஆரம்பத்தில் சில வருஷமாவது, அவருக்கும் அவரை மேற்பார்வை செய்யும் சக மருத்துவர் குழுவுக்கும் மட்டும் தெரிஞ்சால் போதும். பதிவேட்டில் எழுதியதைக் கோர்ட்டில் சாட்சியாக இழுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே சொல்லணும். நோயாளி கேஸ் போடும் உரிமை அவரிடம் அப்படியே இருக்கும், அவருடைய கேஸ்ஷீட்டும் இருக்கும், அதை யாரும் பறிக்கலை. உண்மையை எழுதுபவனுக்கு அடி விழும்னா எல்லாரும் பூஜ்யம் எழுதுவாங்க. எல்லாரும் பூஜ்யம் எழுதிய பதிவேட்டைவிட அபாயகரமானது ஒண்ணும் இல்லை.

மூணாவது வாதம், நம்ம மக்கள் திரும்பி வர மாட்டாங்க. மறுநாள் கட்டுப் பிரிக்க வருவாங்க. ஒரு வாரத்தில் பாதிப் பேர். ஒரு மாசத்தில்? நடவு, அறுவடை, பஸ் காசு, கூட வர ஆள் இல்லை. வராதவங்க நல்லா இருக்காங்களா, கோபத்தில் வேற ஆஸ்பத்திரி போயிட்டாங்களான்னு எப்படித் தெரியும்?

இதுக்கும் பதில் இருக்கு. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 10 நாடுகள், 40 மருத்துவமனைகளில் செய்த ஆய்வு 2013-ல் வந்தது. ஆபரேஷன் முடிந்து மூணு நாளுக்குள், வீட்டுக்குப் போகும் முன் எடுத்த பார்வை அளவே, பின்னாடி அந்த ஆஸ்பத்திரியின் தரம் எப்படி இருக்கும் என்பதை ஓரளவு நம்பகமாகக் காட்டுது என்று கண்டாங்க. ஆக, எல்லாரையும் வீடு தேடிப் பிடிக்க முடியாட்டியும் கண்ணை மூடிக்கிட்டு உட்கார வேண்டியதில்லை. ஸ்வீடன்காரங்களே எல்லாருக்கும் எல்லாத்தையும் அளக்கலை. அடிப்படை விவரமும் தொற்றும் எல்லாக் கண்ணுக்கும். விளைவை விரிவாக அளப்பது வருஷத்தில் ஒரு மாசம், மார்ச் மாசம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு மட்டும். என்ன அழகான குறுக்கு வழி பாருங்க!

நம்மகிட்ட அவங்களிடம் இல்லாத ஒண்ணும் இருக்கு. தமிழ்நாட்டில் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் ஓடுது. பிரஷர் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வரும் அந்த அக்கா கையில் ஒரு பார்வைப் பலகையும் ஒரு அளவு நாடாவும் இருந்தால், வருஷத்தில் ஒரு மாசம் ஆபரேஷன் ஆனவர்களின் பார்வையைத் திண்ணையிலேயே அளந்துட முடியாதா? அவங்களுக்கு ஏற்கெனவே வேலைச் சுமை அதிகம், அதனால் இதுக்குத் தனியாக ஊதியம் கொடுத்துச் செய்யச் சொல்லணும். சும்மா தலையில் கட்டக் கூடாது.

அளக்கும்போது ஒரு விஷயம். கண்ணாடிக் கடையில் நாலு லென்ஸ் மாட்டிப் பார்த்து வரும் "அதிகபட்சப் பார்வை" எனக்கு வேண்டாம். அந்த மனுஷி தினமும் எதைப் போட்டுக்கிட்டு நடக்குறாங்களோ அதோட எவ்வளவு தெரியுதுன்னு பாருங்க. கண்ணாடி எழுதிக் கொடுத்தும் வாங்கக் காசில்லாமல் இருந்தால் அதுவும் நம்ம ஆபரேஷனின் விளைவுதான். உலக சுகாதார அமைப்பும் இப்போ இந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கு. 2021-ல் நாடுகள் ஏற்றுக்கொண்ட 2030 இலக்கு, எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆனது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. ஆபரேஷன் ஆகி நல்ல பார்வையும் வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்குது. இந்தியாவும் அதில் ஒரு நாடு. பதிவேடு இல்லாமல் அதுக்குப் பதில் எழுதணும்னா, பல வருஷத்துக்கு ஒரு தடவை வரும் கணக்கெடுப்பை நம்பி இருக்கணும்.

ஸ்வீடன் பதிவேட்டில் இன்னொரு பகுதி, எனக்கு எல்லாத்தையும்விட அதுதான் பெரிசு. நோயாளியிடமே கேட்கும் 9 கேள்வி. பேப்பர் படிக்க முடியுதா, எதிரே வரும் ஆளின் முகம் தெரியுதா, கடையில் விலை தெரியுதா, மேடு பள்ளத்தில் நடக்க முடியுதா, தையல் வேலை செய்ய முடியுதா, டிவியில் ஓடும் எழுத்து தெரியுதா, இப்படி. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை.

அதில் சுவாரசியமான ஒண்ணு வெளிவந்தது. பலகையில் பார்த்தால் பார்வை நல்லா வந்திருக்கு, ஆனால் சிலர் "முன்னைக்கு இப்போதான் கஷ்டம்" என்று எழுதினாங்க. ஏன்? கிட்டத்தில் பார்க்கும் பார்வை போயிருந்தது ஒரு முக்கியக் காரணம். வாழ்நாள் முழுக்கக் கிட்டப்பார்வையோடு இருந்தவங்களுக்குக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் படிக்க வரும். தூரம் தெரியும்படி லென்ஸ் வச்சதும் அது போயிடும். என்னிடம் வரும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை இதையேதான் சொன்னாங்க: "தூரத்துல பஸ் நம்பர் தெரியுது டாக்டர். ஆனா அறுபது வருஷமா கண்ணாடி இல்லாம படிச்ச ஆளு நான், இப்போ பஞ்சாங்கம் பார்க்கக் கண்ணாடி தேட வேண்டியிருக்கு. யாரும் முன்னாடி கேட்கலையே." ஆபரேஷன் வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு எது வேணும்னு யாரும் கேட்கலை. எண்ணிக்கைப் பட்டியலில் அவங்களுக்குக் கட்டம் கிடையாது.

இதெல்லாம் புது யோசனை இல்லை. 1910-களில் பாஸ்டன் நகரில் காட்மன் என்று ஒரு அறுவை மருத்துவர். ஆபரேஷன் செய்த ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து, பலன் கிடைச்சுதா, இல்லைன்னா ஏன் இல்லை என்று அட்டையில் எழுதணும், அதை ஆஸ்பத்திரிகள் வெளியிடணும் என்றார். பொன்முட்டை இடும் நெருப்புக்கோழி மண்ணில் தலையைப் புதைச்சிருக்குற மாதிரி பெரிய கார்ட்டூன் வரைஞ்சு மருத்துவர் கூட்டத்திலேயே திறந்து காட்டினார். சகாக்களுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்தது, மனுஷன் ஓரங்கட்டப்பட்டார். நூறு வருஷம் கழிச்சும் நம்ம அறிக்கைகளில் அந்த அட்டையின் கடைசி வரி காலியாத்தான் இருக்கு.

நான் கேட்பது பெரிய மென்பொருள் மாளிகை இல்லை. எந்தக் கண், முன்னாடி பார்வை எவ்வளவு, வேறு என்ன நோய், என்ன முறை, எந்த லென்ஸ், திரவத்தின் பேட்ச் எண், பை கிழிந்ததா, ஆறு வாரத்துக்குள் சீழ் பிடித்ததா, திட்டமிட்ட பவருக்கும் வந்த பவருக்கும் எவ்வளவு வித்தியாசம், திரும்ப ஆபரேஷன் தேவைப்பட்டதா. கிட்டத்தட்ட இவ்வளவுதான். இதில் பாதி ஏற்கெனவே கேஸ்ஷீட்டில் கையால் எழுதப்படுது, அப்புறம் பீரோவில் தூங்குது. டாக்டரை இன்னொரு தடவை டைப் அடிக்க வைக்காமல் அங்கேயே பிடிக்கணும். நாடு முழுக்க ஒரே நாளில் வேண்டாம். தமிழ்நாடு முதலில் செய்யட்டும், மானியம் வாங்கும் மருத்துவமனைகளில் ஆரம்பிக்கட்டும். அரசுப் பணம் வாங்குபவர், அந்தப் பணத்துக்கு வந்த பார்வையைக் காட்டட்டும்.

அது வரும் வரை உங்க வீட்டுப் பதிவேட்டை நீங்களே வச்சுக்கோங்க.

ஆபரேஷன் முடிந்ததும் டிஸ்சார்ஜ் அட்டையையும், லென்ஸ் டப்பாவில் வரும் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வைங்க. லென்ஸின் பவரும் எண்ணும் அதில் இருக்கும், பத்து வருஷம் கழிச்சும் தேவைப்படலாம். வீடு திரும்பும் முன் "எவ்வளவு தெரியுது, எழுதிக் கொடுங்க" என்று கேளுங்க. ஒரு மாசம் கழித்து வரச் சொன்ன நாளில் கட்டாயம் போங்க, நல்லா இருந்தாலும் போங்க. அப்புறம், ஆபரேஷன் ஆன கண்ணில் வலி கூடினாலோ, சிவப்பு அதிகமானாலோ, தெரிந்துகொண்டிருந்த பார்வை மங்கினாலோ மறுநாள் காலை வரை காத்திருக்காதீங்க. அன்னைக்கே, ராத்திரியானாலும், செய்த ஆஸ்பத்திரிக்குப் போங்க. கண்ணுக்குள் சீழ் பிடிச்சா சில மணி நேரம்கூடக் கண்ணைக் காப்பாத்தும்.

கண் மருத்துவர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க ஆஸ்பத்திரியில் ஒரு மாசம் கழித்த பார்வையை எழுதி வைக்கிறீங்களா, எப்படின்னு கமென்ட்ல சொல்லுங்க. செய்பவர்களின் முறையைச் சேர்த்து அடுத்த இழையில் போடுறேன்.